காணி ஈடும் காப்புறுதியும்: கடன்படுவோர்க்குச் சட்டம் தரும் காவல்

புத்தளம் நகரிலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையில், வில்பத்துப் பெருங்காட்டின் வாயிலில் அமைந்த ஊர் எலுவன்குளம். இராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் நாள்களில் கலா ஓயா பெருக்கெடுத்து அங்குள்ள சப்பாத்துப் பாலத்தை மூடிவிடும். ஆற்றின் கழிமுகத்தில் கங்கேவாடியும் அதனைச் சூழ்ந்த கண்டற் காடும் கிடக்கின்றன. ஊரவர் சிலர் நெல் விதைப்பர். சிலர் சேனை செய்வர். மரமுந்திரிகையும் தென்னையும் சிலர்க்குத் துணை. களப்பிலே தொழில் செய்வோரும் உண்டு. மழை பிழைத்தாலும், யானை வேலியைத் தகர்த்தாலும், படகின் இயந்திரம் பழுதுற்றாலும், இவ்வூர்க் குடும்பம் ஒன்றுக்கு உடனடியாகப் பணம் வேண்டியதாகிறது. பணம் வேண்டிய அந்த வேளையில் பெட்டியின் அடியிலிருந்து வெளியே எடுக்கப்படுவது காணிப் பத்திரம்.

எடுத்துக்காட்டாக, அவ்வூர்க் கமக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்க. தந்தை வழியில் வந்த தென்னந்தோட்டம் ஒன்று அவர்க்கு உண்டு. அதன் மதிப்பு 15 இலட்சம் ரூபா எனக் கொள்க. அவர்க்குத் தேவை 3 இலட்சம். நகரத்திலே பணம் கொடுப்பவர் நல்ல முகத்தோடு அவரை வரவேற்கிறார். வட்டி நூற்றுக்கு ஐந்து என்கிறார். ஊர் வழக்கில் நூற்றுக்கு ஐந்து என்றால் மாதத்திற்கு ஐந்து, ஆண்டிற்கு அறுபது. இந்த ஒரு சொல்லிலேயே எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. முதல் மூன்று மாத வட்டியாகிய 45,000 ரூபாவை அவர் முன்கூட்டியே கழித்துக்கொள்கிறார். முத்திரைச் செலவும் நொத்தாரிசு கூலியும் 15,000. கமக்காரர் கையில் எண்ணி வைக்கப்படுவது 2,40,000 ரூபா மட்டுமே. எழுதப்படும் உறுதியிலோ, ஓராண்டிற்குள் 4,80,000 ரூபா செலுத்தினால் காணி திரும்ப எழுதித் தரப்படும் என்றிருக்கிறது. முன்கூட்டிக் கழித்த மூன்று மாத வட்டி அத்தொகையில் இரண்டாம் முறையும் அடங்கியிருத்தலை அவ்வேளையில் யாரும் கவனிப்பதில்லை. வாங்கியதற்கு இருமடங்கு கொடுத்தாலன்றித் தோட்டம் மீளாது.

"தம்பி, பேருக்கு ஒரு கைச்சாத்து, காசைத் தந்ததும் காணியைத் திருப்பி எழுதித் தருவேன்" என்பது அவ்விடத்தில் வழக்கமாகக் கூறப்படும் ஆறுதல். "நீங்கள் சொன்னால் போதும், முதலாளி" என்று கமக்காரரும் கையொப்பமிடுகிறார். கையொப்பமிட்ட பத்திரம் எத்தகையது என்பதே வழக்கு முழுவதையும் தீர்மானிக்கிறது.

காணியைப் பொறுப்பாக வைத்துப் பணம் பெறும்போது மூவகைப் பத்திரங்கள் எழுதப்படுவதுண்டு. ஒன்று ஈட்டுறுதி. இதிலே காணி உடையவர்க்கே சொந்தம். கடன் கொடுத்தவர்க்கு அதன்மேல் ஈட்டுரிமை மட்டுமே உண்டு. தவணை தவறினால் அவர் 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு, தீர்ப்புப் பெற்று, காணியை ஏலத்திற் போட்டுத் தமக்குரியதை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கொடுத்துவிட வேண்டும். மற்றொன்று நிபந்தனை உறுதி. இதிலே காணி இன்றைக்கே கடன் கொடுத்தவர் பெயர்க்கு விற்கப்படுகிறது. குறித்த தவணைக்குள் பணம் செலுத்தினால் மீள எழுதிக் கொடுக்கவேண்டும் என்னும் வாசகம் மட்டும் உண்டு. தவணை ஒரு நாள் கடந்தாலும் மீட்புரிமை போயிற்று. மூன்றாவது அறுதி உறுதி. அதிலே நிபந்தனை என்பதே இல்லை; திருப்பித் தருவேன் என்பது வாய்ச்சொல்லாகவே நிற்கிறது. அறுதி என்னும் சொல்லே அறுத்துவிடுவதைக் குறிக்கும். சொல்லின் பொருளை உணராமல் அதன்கீழ்க் கையொப்பமிடுவோர் பலர்.

இம்மூன்றில் முதலாவதற்கு மட்டும் சட்டம் பழங்காலந்தொட்டே வேலி கட்டியிருக்கிறது. தவணை தவறினால் ஈடுவைத்த பொருள் தானாகவே கடன் கொடுத்தவர்க்குச் சொந்தமாகும் என்று எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையைக் கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே உரோமப் பேரரசன் கொன்ஸ்ரன்ரைன் செல்லாததாக்கினான். இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டமும் அத்தடையை ஏற்றுக்கொண்டது. வட்டி முதலை விஞ்சலாகாது என்பதும் அச்சட்ட மரபின் பழைய விதிகளுள் ஒன்று. ஆயினும், வேலி எங்கே உண்டோ அதனைச் சுற்றிப்போகும் பாதையும் அங்கே உண்டாகும். ஈடு என்று எழுதினால் நீதிமன்றம் செல்லவேண்டியிருக்கிறது; விற்பனை என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே கடன் விற்பனை வேடம் தரித்து வருகிறது. ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் பேரரசன் தடுத்த அதே காரியம் வேறு பெயரில் நிறைவேறிவிடுகிறது.

இந்த வேடத்தைக் கலைக்க நீதிமன்றங்களுக்கு ஒரு கருவி இல்லாமலில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு அது. காணியை எழுதிக்கொடுத்தவர், அதன் பயனுரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட எண்ணினார் எனச் சூழ்நிலைகளைக்கொண்டு நியாயமாகக் கருத இயலாவிடின், எழுதி வாங்கியவர் அதனை மற்றவர்க்காகவே வைத்திருக்கிறார் என அப்பிரிவு கூறுகிறது. 15 இலட்சம் பெறுமதியான தோட்டம் 3 இலட்சத்திற்கு ஏன் விற்கப்பட்டது? விற்றவரே தொடர்ந்து தேங்காய் பறித்து வருவது எப்படி? உறுதி எழுதிய செலவை விற்றவர் ஏன் ஏற்றார்? மாதந்தோறும் கொடுக்கப்பட்ட பணம் யாது? இவை போன்ற கேள்விகளுக்கு வரும் விடைகளிலிருந்து நீதிபதி உண்மையைக் கண்டுகொள்கிறார். எனினும் இவ்வழக்கு எளிதன்று. சாட்சி வேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும், ஆண்டுக்கணக்காய் நடத்தப் பணமும் பொறுமையும் வேண்டும். முன்னமே கடனில் மூழ்கியவரிடம் இவற்றை எதிர்பார்ப்பது கடினம்.

இதனினும் எளிய வழி ஒன்றைச் சட்டசபை 1941இல் திறந்துவிட்டது. அதன் பின்னணியை அறிதல் நன்று. 1920களிலும் அதன் பின்னரும் இலங்கையின் தென்னந்தோட்டக்காரர்க்கும் சிறு வணிகர்க்கும் கடன் கொடுத்து வந்தோருள் முதன்மையானவர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். ஐரோப்பிய வங்கிகள் உள்ளூரார்க்குக் கதவு திறவாத காலம் அது. செட்டிமார் அவ்வங்கிகளிடம் பணம் பெற்று, அதனை ஊராரிடம் கூடிய வட்டிக்குக் கொடுத்து வந்தனர். 1925இல் செட்டிமார் நிறுவனம் ஒன்று நொடித்ததை அடுத்து வங்கிகள் அவர்களுக்குத் தந்துவந்த கடன் வசதியைக் குறைத்தன. 1929இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேங்காய் விலை சரிந்தது. கொடுத்த கடனைச் செட்டிமார் திருப்பிக் கேட்கலாயினர். குருநாகல், சிலாபம், புத்தளம் ஆகிய தென்னைப் பிரதேசங்களில் ஈடுவைத்த தோட்டங்கள் கைமாறின. செட்டிமாரை மட்டுமே பழித்துப் பேசுதல் அந்நாள்களில் வழக்கமாயிற்று. அவர்கள் கழுத்திலும் வங்கிகளின் கயிறு இருந்தது என்பதையும் நினைத்தல் நேர்மையாகும். சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் அமைந்த வங்கி விசாரணைக் குழு 1934இல் வெளியிட்ட அறிக்கை அக்கால நிலையை விரிவாக ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியதற்கு அவ்வறிக்கையே தூண்டுகோல். நீண்டகாலக் கடன் கொடுப்பதற்காக அரச ஈட்டு வங்கி 1931இலேயே நிறுவப்பட்டிருந்தது. ஆனால் குறைவற்ற உரித்துப் பத்திரம் உடையார்க்கே அதன் உதவி எட்டியது. அவ்வங்கியே 1979இல் அரச ஈட்டு முதலீட்டு வங்கியாக உருமாறியது.

கடலுக்கு அப்பாலும் அதே துன்பம்தான். இந்தியாவின் மத்திய மாகாணங்கள் 1933இல் கடன் இணக்கச் சட்டம் ஒன்றை இயற்றின. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது துணிவான சட்டம். பழைய கடன்களுக்கு 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் திகதி வரை நின்ற வட்டியை அது துடைத்துவிட்டது. முதலுக்கு இருமடங்கு ஏற்கெனவே செலுத்திய விவசாயியின் கடன் முற்றாகத் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. இலங்கை அத்துணை தூரம் செல்லவில்லை. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம், கடன் இணக்கச் சபை என்னும் ஒன்றை அமைத்து, கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் அதன் முன்னிலையில் இருத்திப் பேச வைத்தது. தொகையைக் குறைத்தோ, தவணைகளாகப் பிரித்தோ இருவரும் இணங்கினால் அந்த இணக்கம் எழுத்தில் அமைந்து இருவரையும் கட்டும். விண்ணப்பம் சபையின்முன் இருக்கும் வரை அவ்விடயத்தைக் குறித்து நீதிமன்றத்தில் வழக்கு நடத்தல் இயலாது. எல்லாவற்றினும் முக்கியமானது, நிபந்தனை உறுதியையும் இச்சட்டம் கடனாகவே பார்க்கிறது என்பது. பத்திரத்தின் வேடத்தை நம்பாமல் உள்ளிருப்பதைப் பார்க்கத் துணிந்த சட்டம் இது. இச்சபை இன்றும் இயங்கிவருகிறது.

ஆயினும் சபைக்குச் செல்லவும் காலம் உண்டு. மீட்கும் தவணை முடிந்தபின் ஓடிச்சென்று பயனில்லை. எலுவன்குளத்துக் கமக்காரர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? தவணை முடியும் மாதத்தில் முதலாளியிடம் போய் இன்னும் ஆறுமாதம் கேட்கிறார். "பார்த்துக்கொள்வோம் தம்பி" என்கிறார் முதலாளி. அந்த வார்த்தை எழுத்தில் இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியைக் குறித்த எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, எழுத்தில் அமைந்தாலன்றிச் செல்லாது என்கிறது. மோசடியைத் தடுப்பதற்காக வந்த சட்டமே, வாய்ச்சொல்லை நம்பியவரைக் கைவிடவும் நேரிடுகிறது. முதலாளியின் இனிய வார்த்தையால் தவணை கழிகிறது. தவணை கழிந்தபின் சபையின் கதவும் அடைபடுகிறது.

வட்டியைப் பற்றி 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணங்கடன்கொடுத்தற் கட்டளைச் சட்டம் கூறுவதையும் இங்கே சொல்லவேண்டும். வட்டி மிகையானது, கொடுக்கல் வாங்கல் கொடுமையானது என நீதிமன்றம் கண்டால், பழைய கணக்கைத் திறந்து பார்த்து, நியாயமாகச் சேரவேண்டியதற்கு மேற்பட்டதை நீக்கலாம். பணங் கொடுப்போர் வாங்கும் வாக்குறுதிச் சீட்டில் உண்மையாகக் கொடுக்கப்பட்ட தொகை, முன்கூட்டிக் கழிக்கப்பட்ட தொகை, ஆண்டு வட்டி வீதம் ஆகிய மூன்றும் காட்டப்படவேண்டும். தொகையை எழுதாமல் வெற்றிடம் விட்ட சீட்டில் கையொப்பம் வாங்குதல் குற்றமாகும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும், வெற்றுச் சீட்டில் கையொப்பம் வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. சட்டம் போதாமையினால் அன்று. சட்டம் இருப்பது தெரியாமையினால்.

வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் கடன்படுவோர் இவ்வாறு ஏமாறுவதில்லை என்று எண்ணுவோர் உண்டு. அங்கே வேறுவகைக் கணக்கு. 1 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 12 வட்டிக்குப் பன்னிரண்டு மாதத் தவணையில் தருகிறோம் என்கிறார் முகவர். மொத்தம் 1,12,000 ரூபாவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 9,333 ரூபா செலுத்துகிறார் கடன்பட்டவர். மாதந்தோறும் முதலில் ஒரு பகுதி அடைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு முதலுக்கும் கணிக்கப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் முதலின்மீது கணித்துப் பார்த்தால் உண்மை வட்டி நூற்றுக்கு 21க்கும் மேலாகும். இந்த மாயத்தை ஒழிக்கவே அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1968இல் கடனில் உண்மை கூறும் சட்டத்தையும், பிரித்தானியா 1974இல் நுகர்வோர் கடன் சட்டத்தையும் இயற்றின. எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வீதம் ஒன்றாகவே சொல்லவேண்டும் என்பது அவற்றின் சாரம். அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. குடியிருக்கும் வீட்டைப் பொறுப்பாக வைத்துப் பெறும் கடன்களுட் பலவற்றை, கையொப்பமிட்டபின் மூன்று வேலை நாள்களுக்குள் காரணம் கூறாமலே கைவிடலாம். வீடு வாங்குவதற்கென்றே பெறும் கடனுக்கு இச்சலுகை இல்லை. அவசரத்தில் இட்ட கையொப்பத்தை மனைவியோடும் மக்களோடும் ஆலோசித்து மறுபரிசீலனை செய்வதற்கு மூன்று நாள் போதும்.

அத்தனை சட்டம் இருந்தும் அமெரிக்காவிலேயே 2008இல் வீட்டுக் கடன் வீழ்ச்சி உலகையே ஆட்டியது. திருப்பிச் செலுத்த இயலாதவர் என்று தெரிந்தே கடன் கொடுக்கப்பட்டது. முதல் இரண்டாண்டு குறைந்த தவணை, பின்னர் திடீரெனக் கூடிய தவணை. உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, தாங்கமுடியாத கடனைக் கொடாதிருத்தலும் கடன் கொடுப்பவர் கடமை என்னும் கருத்து அதன்பின்னரே வலுப்பெற்றது. 2010இல் இயற்றப்பட்ட சட்டம் நிதி நுகர்வோரைக் காப்பதற்கென்று தனிப் பணியகம் ஒன்றை அங்கே உருவாக்கியது.

இலங்கையில் வங்கிகளுக்குச் சிறப்பான அதிகாரம் ஒன்றுண்டு. பராட்டே என்று வழக்கில் கூறப்படும் அவ்வதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அளித்தது. தவணை தவறினால், வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, அதனை வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வெளியிட்டு, நீதிமன்றத்தை நாடாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்திற் போடலாம். வழக்குத் தாமதத்தால் வங்கிப் பணம் முடங்குகிறது, அது வைப்பிட்டோர் பணம் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் பொருளற்றதன்று. ஆயினும் ஒரு பக்கத்தார் தாமே வழக்காளியாகவும் நீதிபதியாகவும் இருத்தல் எவர்க்கும் உறுத்தலைத் தரும். இந்த உறுத்தலைப் பின்வந்த காலம் சிறிது தணித்தது. மூன்றாமவர் ஒருவர் பிறர் கடனுக்காக ஈடுவைத்த சொத்தின்மீது இவ்வதிகாரம் செல்லாது என 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் 50 இலட்சம் ரூபாவிற்குக் குறைந்த கடன்களுக்கு இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என 2011ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. எலுவன்குளம் போன்ற ஊர்களின் சிறு கடன்காரர்க்கு இத்திருத்தமே பெருங் காவல். 2022இன் பொருளாதார வீழ்ச்சியால் தொழில்கள் நலிந்தமையால், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் டிசம்பர் 15 வரை பராட்டே அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் அத்தவணை 2025 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. இந்தியாவில் இதற்கு ஒப்பான அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்த 2002ஆம் ஆண்டுச் சட்டம், விவசாய நிலத்தின்மீதுள்ள ஈட்டுரிமையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. நிலத்தின் அளவையோ கடனின் அளவையோ நோக்காமல், உழும் நிலம் என்ற ஒரே காரணத்தால் தரப்பட்ட காவல் அது. இலங்கைச் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை.

ஈடில்லாத சிறு கடன்களின் கதை தனிக்கதை. வாரந்தோறும் வாயிலுக்கு வந்து பெண்களிடம் தவணை வசூலித்த நுண்நிதிக் கடன்களின் வட்டி, ஐக்கிய நாடுகளின் நிபுணர் ஒருவர் 2018இல் வந்து கண்டு திடுக்கிடும் அளவிற்கு ஏறியிருந்தது. அவ்வாண்டிலே வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளிவிட அரசாங்கம் முன்வந்தது. தன் ஆளுகைக்குட்பட்ட நிதிக் கம்பனிகள் நுண்நிதிக்கு நூற்றுக்கு 35க்கு மேல் வட்டி பெறலாகாது என மத்திய வங்கியும் எல்லை வகுத்தது. 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் இவற்றின் கை, மத்திய வங்கியின் ஆளுகைக்குட்பட்ட நிறுவனங்கள் வரையிலுமே நீளும். புத்தளத்துக் கடைத்தெருவில் பற்றுச்சீட்டின்றி மீற்றர் வட்டிக்குக் கொடுப்பவரை அது தொடுவதில்லை.

இனிக் காப்புறுதி. வீட்டுக்கடன் பெறுவோர் வீட்டிற்குத் தீக்காப்புறுதியும், தம் உயிருக்கு ஆயுட்காப்புறுதியும் எடுக்கவேண்டும் என வங்கிகள் கேட்பது வழக்கம். கடன்பட்டவர் இடையில் இறந்தால் எஞ்சிய கடனைக் காப்புறுதி அடைக்கும். விதவையும் பிள்ளைகளும் வீட்டை இழவார். ஏற்பாடு நல்லது. அது நடைமுறையில் எவ்வாறு ஆகிறது என்பதே கேள்வி. 40 இலட்சம் கடனுக்கு ஒரே தடவையில் செலுத்தவேண்டிய கட்டுப்பணம் 2 இலட்சம் எனக் கொள்க. அதனைக் கையிலிருந்து கொடுக்க இயலாதென்று கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். இப்போது கடன் 42 இலட்சம். கட்டுப்பணத்திற்கும் பதினைந்து இருபது ஆண்டு வட்டி. எந்தக் கம்பனி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு உண்டா என்றுகூட கடன்படுபவர் கேட்பதில்லை. நீட்டிய தாளில் கையொப்பமிடுகிறார்.

அவர் கையொப்பமிட்ட தாள்களுள் முன்மொழிவுப் பத்திரம் ஒன்றும் இருக்கிறது. நீரிழிவு உண்டா, குருதி அழுத்தம் உண்டா, முன்னர் மருத்துவமனையில் தங்கியதுண்டா என்பன அதிலுள்ள கேள்விகள். எல்லாவற்றிற்கும் இல்லை, இல்லை என்று முகவரே கோடிட்டுக்கொண்டு போகிறார். காப்புறுதி ஒப்பந்தம் மிகுந்த நன்னம்பிக்கையின்மேல் நிற்பது. கேளாதவற்றைக்கூட, முக்கியமாயின், தாமாகவே சொல்லவேண்டும் என்பது பழைய ஆங்கிலச் சட்டம். 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளை ஆயுட்காப்புறுதிக்கும் தீக்காப்புறுதிக்கும் ஆங்கிலச் சட்டத்தையே இலங்கையில் பொருந்தச் செய்தது. கப்பற் சரக்கைக் காப்புறுதி செய்த இலண்டன் வணிகர்களுக்காக வளர்ந்த விதி, எலுவன்குளத்துக் கமக்காரரின் வீட்டுக் கடனுக்கும் வந்து சேர்ந்தது. அவர் இறந்தபின் மனைவி கோரிக்கையோடு செல்லும்போது, பத்தாண்டுக்கு முந்திய மருத்துவச் சிட்டை ஒன்றைக் காட்டி, நோயை மறைத்தார் என்று கோரிக்கை மறுக்கப்படுமாயின், அவ்வம்மையார் என்ன செய்வார்? கணவர் மறைக்கவில்லை, அவரிடம் எவரும் கேட்கவில்லை. ஆனால் கையொப்பம் அவருடையது.

பிறந்த நாட்டிலேயே இவ்விதி மாற்றப்பட்டுவிட்டது. பிரித்தானியா 2012இல் இயற்றிய சட்டம், நுகர்வோர் தாமாகத் தேடிச் சொல்லவேண்டும் என்னும் கடமையை நீக்கி, கேட்ட கேள்விக்குக் கவனத்தோடு உண்மையான விடை தந்தால் போதும் என்றாக்கியது. இந்தியாவிலும் 2015ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, ஆயுட்காப்புறுதிப் பத்திரம் மூன்றாண்டு நிலைத்தபின் அதனை எக்காரணங்கொண்டும் மறுத்துரைத்தல் இயலாது. இலங்கைப் பாராளுமன்றம் தன் சொந்த மொழியில், தன் சொந்தச் சட்டத்தில், இவ்விரண்டையும் எழுதிவைக்குமாயின் பல விதவையர் வீடு நிலைக்கும்.

இலங்கையிற் காப்புறுதி ஆளுகையின் வரலாறு ஊசலாட்டம் போன்றது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றி, பின்னர் அத்தொழில் முழுவதும் அதன் தனியுரிமையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் தனியார் மீண்டும் வந்தனர். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதிச் சபையை அமைத்தது. 2017 முதல் அதுவே இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கோரிக்கை மறுக்கப்பட்டோர் நீதிமன்றம் செல்லுமுன் முறையிடுவதற்குக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்னும் நடுவர் 2005 முதல் இருக்கிறார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டோர் கொழும்பிலேயே சிலர்தாம்.

இறுதியாக, மீண்டும் எலுவன்குளம். அங்கும் அயலூர்களிலும் பரம்பரை உறுதி உடையோரைவிட, அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு இருப்போரே கவனத்திற்கு உரியவர். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவர்க்குரியது. டி. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது அது. குடியேற்றப்படும் உழவரிடமிருந்து வட்டிக்காரர் காணியைப் பறித்துவிடுவர் என்னும் அச்சத்தினால், அரச அதிகாரியின் எழுத்திலான சம்மதமின்றி அக்காணியைக் கைமாற்றவும், விதிக்கப்பட்ட நிறுவனங்கள் அல்லாதார்க்கு ஈடுவைக்கவும் அச்சட்டம் தடை விதித்தது. நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டும் அக்காணியைப் பறித்து விற்றல் இயலாது. கடனாளியின் காணியை இத்துணை இறுக்கமாகக் காத்த சட்டம் இலங்கையில் வேறில்லை.

இக்காவலுக்கு விலை இல்லாமலில்லை. விற்க இயலாத காணியை நம்பி வங்கிகள் தாராளமாகக் கடன் தருவதில்லை. ஆகவே உழவர் வெள்ளைத் தாளில் எழுதிக்கொடுத்துத் தம் வயலை இரண்டு மூன்று போகங்களுக்குப் பிறரிடம் விட்டு, அதே வயலிற் கூலிக்கு இறங்குவதும் உண்டு. அந்தத் தாள் சட்டத்தின்முன் செல்லாது. ஆயினும் ஊரின்முன் செல்கிறது. அதனாலேயே முழு உரிமை வேண்டும் என்னும் குரல் நெடுநாளாய் இருந்து வந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் தம்புள்ளையில் தொடக்கிவைக்கப்பட்ட ‘உறுமய’ திட்டம், அத்தகைய 20 இலட்சம் குடும்பங்களுக்குக் காணியை முழு உரிமையோடு அளிப்பதை நோக்கமாக அறிவித்தது. முழு உரிமை என்பது விற்கும் உரிமையும் ஈடுவைக்கும் உரிமையும் ஆகும். தொண்ணூறு ஆண்டுகளாக நின்ற வேலி அவ்வுறுதியைப் பெறும் குடும்பத்திற்கு அன்றே நீங்குகிறது.

அவ்வேலி நீங்குமிடத்தில் வேறு வேலி வேண்டும். குடியிருக்கும் வீட்டையும் உழும் நிலத்தையும் பற்றிய நிபந்தனை உறுதியை ஈடாகவே கருதி, நீதிமன்றத்தின் வழியாகவன்றி உரிமை மாறாதென்று ஒரு பிரிவு எழுதலாம். கையிற் கொடுத்த தொகையையும் ஆண்டு வட்டியையும் உறுதியின் முதற் பக்கத்திலேயே காட்டவேண்டும் என்று இன்னொரு பிரிவு எழுதலாம். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உறுதியை வாசித்து விளக்கவேண்டும் என நொத்தாரிசைப் பணித்திருக்கிறது. வாசிப்பது எம்மொழியில்? புத்தளத்தில் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய உறுதியிற் கையொப்பமிடுவது புதுமையன்று. கடன்படுபவர் அறிந்த மொழியில் ஒரு பிரதி, கையொப்பத்திற்கு மூன்று நாள் முன்னரே, அவர் வீட்டிற்குப் போய்ச் சேரவேண்டும். பள்ளியிற் படிக்கும் மகளேனும் அதனை உரக்க வாசித்து, 2,40,000 எங்கே, 4,80,000 எங்கே என்று தந்தையிடம் கேட்பாள்.